நான்கு டிகிரி என்று எழுதினேன்

பிப்ரவரி 3, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்கு முன்பு கொடுத்துவிட்டுப் போன டைரி. இதுவரை ஒரு வரி எழுதவில்லை. இன்றிலிருந்து எழுதியே ஆகவேண்டும். நிர்வாக மேலாளர் மோகன்ராம் சார் காலையில் என்னைக் கூப்பிட்டு, சமையல்கூடத்துக்கென்று தனியாக மாட்டியிருக்கும் மின்சார மீட்டரைக் காட்டினார். தினமும் காலை ஆறு மணிக்கு அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நேற்று ஒரு நாளில் ஓடியது 410 யூனிட். மார்ச் முடிவதற்குள் அது 320 ஆக வேண்டும்.

எங்கள் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு வரப்போகிறது. எட்டு மெஷின். இருக்கிற கரண்ட் அதற்குப் போதாது. கூடுதலாகக் கிடைக்க நாளாகும் என்பதால் எங்காவது குறைத்தாக வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் குறைக்க முடியாது. வார்டில் முடியாது. மிச்சம் நாங்கள்தான். குறையவில்லை என்றால் சமையல்கூடத்தை மூடிவிட்டு, வெளியில் சமைத்து வண்டியில் கொண்டுவரும் கேட்டரிங் கம்பெனியிடம் கொடுத்துவிடுவார்களாம்.

மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, முன்னாலேயே தெரிந்தால் உங்களுக்கு நல்லது என்றார். நல்ல மனிதர்தான்.

சமையல்கூடத்தில் இருபத்திரண்டு பேர் இருக்கிறோம். நான் இங்கே காய் வெட்ட வந்து பத்தொன்பது வருடம். சூப்பர்வைசராகி ஆறு வருடம். எட்டாவதோடு படிப்பு நின்றது. கேட்டரிங் கம்பெனிக்காரன் என்னை எதற்கு வைத்துக்கொள்வான்?

பிப்ரவரி 4, செவ்வாய்

418. ஏன் கூடியது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

381.

மூன்று நாளாகச் சமையல்கூடத்தைத் திருட்டு நடந்த வீட்டைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏழு மணிக்குப் பரிமாறும் இட்லிக்கு, சூடாக வைக்கும் மின்தொட்டியை நாலரைக்கே போட்டுவிடுகிறார்கள். இனி ஆறரைக்குத்தான். அடுப்பு அணைந்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. கிரைண்டரைக் கால்வாசி மாவோடு மூன்று முறை ஓட்டுகிறார்கள். இதையெல்லாம் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பொன்னுரங்கம் மாஸ்டர்தான் முகம் சுளித்தார். தலைமைச் சமையல்காரர். நான் வந்த வருடம்தான் அவரும் வந்தார். ஃபேனை நிறுத்தினால் வேர்வை குழம்பில் விழும் என்றார். அடுப்பு எரியும்போது ஓடட்டும், அணைத்ததும் நிறுத்துங்கள் என்றேன். ஒத்துக்கொண்டார். ஆனால் நாள் முழுக்க என்னிடம் பேச வேண்டியதைப் பாத்திரம் கழுவும் மாராத்தாளிடம் சொல்லி அனுப்பினார்.

பிப்ரவரி 10, திங்கள்

366. அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது.

கரண்டை எல்லாம் தின்பது கோல்டு ரூம்தான். பால், தயிர், காய்கறி, சமைத்து எடுத்துவைப்பது எல்லாம் அதற்குள். பக்கத்தில் ஃப்ரீசர். இரண்டுக்கும் ஒரே மெயின் சுவிட்ச். பின்னால் இருக்கும் கம்ப்ரஸர் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. முன்பெல்லாம் நடுநடுவே நின்று ஓய்வெடுக்கும். எப்போதிலிருந்து நிற்காமல் ஓடுகிறது என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

மெக்கானிக் ஜாபரை வரச்சொல்லலாமா என்று எழுதிக்கொடுத்தேன். இப்போதைக்குப் புதுச் செலவு எதுவும் வேண்டாம், இருப்பதை வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார் மோகன்ராம் சார். இன்னொரு தடவை அழுத்திக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குறைக்கச் சொன்னால் செலவு வைக்கிறாள் என்று நினைத்துவிட்டால்?

பிப்ரவரி 17, திங்கள்

367.

இன்று பத்து மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். பேன்ட் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. சும்மா பார்க்க வந்திருப்பதாக மோகன்ராம் சார் சொன்னார். சும்மா பார்க்க வந்தவர்கள் டேப்பை இழுத்துக் காய்கறி வெட்டும் மேடையை அளந்தார்கள். அடுப்புகளை எடுத்துவிட்டால் எத்தனை தள்ளுவண்டி நிறுத்தலாம் என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்டது எனக்குக் கேட்டது. மாஸ்டருக்கும் கேட்டிருக்கும். இன்று அவர் வைத்த ரசத்தில் உப்பு இல்லை.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். கணபதி பக்கம் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை செய்கிற மனிதருக்கு எங்கள் அடுப்புச் சூடு ஒரு சூடாகத் தெரிவதில்லை. வேறு இடமா கிடைக்காது என்றார். நாற்பத்தாறு வயதில் எனக்கு எங்கே கிடைக்கும் என்று திரும்பிக் கேட்கவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 19, புதன்

மதியச் சாப்பாடு வார்டுகளுக்குப் போன பிறகு கோல்டு ரூம் பக்கம் யாரும் வருவதில்லை. கதவைத் திறக்காவிட்டால் குளிர் உள்ளேயே கிடக்கும். வீட்டில் கரண்ட் போனால் ஃப்ரிட்ஜில் இருப்பது உடனே கெட்டுவிடுகிறதா என்ன?

ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை மெயினை நிறுத்திவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கு ஆள் பேசுவார்கள்.

கதவில் ஒரு சார்ட் தொங்குகிறது. காலை ஆறு, மதியம் இரண்டு, மாலை ஆறு மணிக்கு உள்ளே எத்தனை டிகிரி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஐந்தைத் தாண்டக் கூடாது. இரண்டு மணிக்குப் பார்த்தபோது ஏழு இருந்தது. நான்கு என்று எழுதினேன். தினமும் எழுதுவது அதுதான், கை தானாக எழுதிவிட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

341.

பிப்ரவரி 21, வெள்ளி

339. மோகன்ராம் சார் வாட்ஸ்அப் குழுவில் என் பெயரைப் போட்டுக் கைதட்டுகிற பொம்மை அனுப்பியிருந்தார். கீழே பதினொரு பேர் அதையே அனுப்பியிருந்தார்கள். மாஸ்டர் அனுப்பவில்லை. அவருக்கு வாட்ஸ்அப் பார்க்கும் வழக்கம் இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

மாசி மாதத்திலேயே இந்த வெயில். இன்னும் பத்தொன்பது யூனிட் குறைய வேண்டும். பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை நிறுத்தினேன்.

நாலரைக்கு எட்டிப் பார்த்தபோது தெர்மாமீட்டர் பன்னிரண்டு காட்டியது. அது வாங்கி நான்கைந்து வருடமாகிறது. முள் அவ்வளவு சரியாக நிற்பதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

321.

இன்று காலை ஒரு கேன் பால் அடுப்பில் வைத்ததும் திரிந்துவிட்டது. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நேற்று வாங்கி உள்ளே வைத்த பாலாயிற்றே, எப்படித் திரியும் என்றார். பால்காரர் கொண்டுவரும்போதே வெயிலில் நின்றிருக்கும் என்றேன். அவரைப் போனில் கூப்பிட்டுக் கண்டித்தேன். அன்னூரிலிருந்து வருகிறவர், மரியாதையான ஆள். எங்கும் நிற்காமல் வந்ததாகச் சொன்னார். இனிமேல் இன்னும் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றும் சொன்னார்.

அவர் அப்படிச் சொல்லாமல் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மார்ச் 1, சனி

318. எட்டிவிட்டேன். மார்ச் முடிவதற்கு முப்பது நாள் முன்னாலேயே.

மோகன்ராம் சார் மைசூர்பாகு வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். கேட்டரிங் பேச்சு இனி இல்லை என்று நேராகச் சொன்னார். மாராத்தாள் மைசூர்பாகைப் பேரனுக்காகத் தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மாஸ்டர் என் பக்கம் வந்து, ஃபேன் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று சொன்னார். பத்தொன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

என் மைசூர்பாகையும் மாராத்தாளிடமே கொடுத்துவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

319. வெயில் கூடிக்கொண்டே போகிறது. மெயினை நிறுத்தும் நேரத்தில் ஒரு மணி குறைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். குறைத்தால் 320ஐத் தாண்டிவிடும்.

மார்ச் 5, புதன்

எதிலிருந்து ஆரம்பிப்பது?

காலை ஐந்தரைக்கு உள்ளே நுழையும்போதே வாசலில் செக்யூரிட்டி சொன்னார், ராத்திரி இரண்டாவது மாடியில் ஏழு பேஷன்ட்டுக்கு வாந்தி பேதி என்று. ஆபரேஷன் முடிந்து மென்மையான சாப்பாடு சாப்பிடுகிறவர்கள். ஏழு பேருக்கும் நேற்றைய இரவுச் சாப்பாடு தயிர் சேமியா. ஆறு பேருக்குக் குளுக்கோஸ் ஏற்றிச் சரியாகிவிட்டது. ஏழாவது ஆள் நஞ்சப்பன், எழுபத்தொரு வயது. குடலிறக்கம் ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள். வாந்தி எடுத்ததில் தையல் விட்டுப்போய் ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

தயிர் சேமியாவைப் பதினொன்றரைக்குக் கிளறி கோல்டு ரூமில் வைத்தார்கள். ராத்திரி ஏழே காலுக்குப் பரிமாறினார்கள். அதைத் திரும்பச் சூடு பண்ண முடியாது. அப்படியே எடுத்துக் கொடுப்பதுதான்.

பத்து மணிக்கு விசாரணை. தலைமை மருத்துவர் அமுதவல்லி அம்மா, மோகன்ராம் சார், நான், மாஸ்டர். மிச்சமிருந்த சேமியாவைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாஸ்டரின் இடது கைக் கட்டைவிரலில் பிளாஸ்டர் இருந்ததை டாக்டர் பார்த்துவிட்டார். திங்கட்கிழமை தேங்காய் உடைக்கும்போது கிழித்ததாம். கையுறை போட்டீர்களா என்று கேட்டார். கிளறும்போது போட்டேன், அப்புறம் கழற்றிவிட்டேன் என்று மாஸ்டர் உள்ளதைச் சொன்னார். புண்ணிலிருந்துகூட இப்படி ஆகுமாம். புண்ணைப் பஞ்சில் ஒற்றிப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, மறு உத்தரவு வரும் வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மோகன்ராம் சார் என் பக்கம் திரும்பி, கோல்டு ரூம் சரியாகத்தானே இருந்தது என்று கேட்டார்.

"சார்ட்டுல இருக்குதுங்க சார்" என்றேன்.

சார்ட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்கள். நான்கு, நான்கு, நான்கு, நான்கு.

நான் பொய் சொல்லவில்லை. சார்ட்டில் இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

இன்று மெயினை நிறுத்தவில்லை. மீட்டரைக் குறித்ததோடு சரி, கணக்குப் போடவில்லை.

மார்ச் 6, வியாழன்

364.

மாராத்தாள் பாத்திரம் கழுவும் தொட்டி கோல்டு ரூமை ஒட்டி இருக்கிறது. மதியம் தட்டுகளை அடுக்கிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"ரெண்டு வாரமா மத்தியானத்துல அந்த மோட்டார் சத்தம் நிக்குமுங்க்கா. காதுக்குச் சித்த நல்லா இருந்துச்சு. நேத்தும் இன்னிக்கும் நிக்கவே இல்ல."

தட்டுகளைத் துடைத்து அடுக்கிவிட்டுத் தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடினாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமலும் இருக்கலாம். மாலை முழுக்க அவள் யாரிடம் பேசினாலும் என் காது அங்கேயே போனது.

நஞ்சப்பன் இன்னும் ஐ.சி.யூ.வில்தான்.

மார்ச் 7, வெள்ளி

மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். துடியலூரில் ரேஷன் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. எதற்குப் போகிறேன் என்று பஸ்ஸில் என்னையே கேட்டுக்கொண்டு போனேன். பார்த்து ஆறுதல் சொல்ல என்று பதில் வைத்திருந்தேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டரைப் பிரித்துப் பார்ப்பதும் ஒட்டுவதுமாக இரண்டு நாளாக இதே வேலை என்று அவர் மனைவி சொன்னார். வீட்டில் டீகூட அவர் போடுவதில்லையாம். அடுப்புப் பக்கம் வரமாட்டேன் என்கிறாராம்.

"அந்தப் பெரியவர் எப்படி இருக்காருங்க?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். எனக்குத் தெரியாது, பரவாயில்லை என்றேன்.

"முப்பத்தோரு வருசம் சமைச்சுப்போட்டேனுங்க. எத்தன பேரு இந்தக் கையால தின்னுருப்பாங்க. இப்ப இந்தக் கையப் பாத்தா எனக்கே பயமா இருக்குது. இனி நான் கரண்டியத் தொடமாட்டேன்."

அவர் மனைவி டீ கொண்டுவந்தார். குடித்தேன். நாக்கு நுனி வரை வந்தது. டம்ளரைக் கீழே வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவதில் ஏறினேன்.

இதை எழுதிவிட வேண்டும். எங்கேயாவது ஒரு இடத்தில் எழுதிவிட வேண்டும். அவர் விரல் இல்லை. நான். பிப்ரவரி பத்தொன்பதிலிருந்து தினமும் நான்.

மார்ச் 8, சனி

ஒன்பது மணிக்கு மோகன்ராம் சார் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நிறுத்தினேன், உள்ளே எத்தனை டிகிரி இருந்தது, சார்ட்டில் என்ன எழுதினேன், எல்லாம். குரல் தடுமாறவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் திட்டை எதிர்பார்த்து நின்றேன். அவர் மெதுவாகப் பேசினார்.

"சமையல்காரர் கைப்புண்ணுனு ரிப்போர்ட் மேலே போயிடுச்சு இந்திராணி. இப்ப நீங்க இதைச் சொன்னா, கரண்டைக் குறைக்கச் சொன்னது யாருன்னு வரும். ஒருத்தர் போறதோட முடியட்டுமே. ரெண்டு மூணு பேர் எதுக்குப் போகணும்?"

"மாஸ்டரு அடுப்பையே தொடமாட்டேங்கறாருங்க சார்."

"கொஞ்ச நாள்ல சரியாயிடுவார். வேற இடத்துல சேர்த்துவிட நான் ஏற்பாடு பண்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம். எனக்குத் தெரிந்த பயம்தான் அது. இரண்டு வாரம் நான் அதோடு ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகத் தூங்கியிருக்கிறேன். அதனால்தான் அவர் முகத்தில் அது அடையாளம் தெரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன்.

யோசிக்கவில்லை. நேராக எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். இந்த டைரியின் பிப்ரவரி 19 முதல் மார்ச் 5 வரையுள்ள பக்கங்களை நகல் எடுத்தேன். கடைக்காரப் பெண் எழுத்தைப் படிக்கிறாளோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளைத் தாள் வாங்கி நான்கு வரி எழுதினேன். தவறு என்னுடையது, மாஸ்டருடையது அல்ல என்று முதல் வரி. எல்லாவற்றையும் சேர்த்து அமுதவல்லி அம்மா கையில் கொடுத்தேன்.

அவர் நின்றபடியே படித்தார். மீட்டர் கணக்கு இருக்கும் தாளை மட்டும் இரண்டாவது தடவை பார்த்தார். சமையல்கூடச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்றார்.

மார்ச் 10, திங்கள்

வீட்டில் இருக்கிறேன். காலை நாலரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. வீட்டுக்காரர் முதலில் கோபப்பட்டார், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று. மாலையில் ஃபவுண்டரியிலிருந்து வந்தவர், அந்த மாஸ்டர் பாவம்தான் என்று தானாகவே சொன்னார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

மாராத்தாள் போன் செய்தாள். மாஸ்டரைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்களாம். வந்து ஒரு மணி நேரம் அடுப்பு முன்னால் சும்மா நின்றாராம். அப்புறம் பற்றவைத்தாராம். நஞ்சப்பனை வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

மார்ச் 13, வியாழன்

டாக்டர் வரச்சொல்லியிருந்தார். பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மாஸ்டரின் புண்ணில் எதுவும் இல்லை. சேமியாவில் இருந்த கிருமி, சமைத்த சாப்பாட்டைக் குளிர் போதாமல் பல மணி நேரம் வைத்தால் பெருகுவது. ஏழு குடும்பங்களுக்கும் மருத்துவமனை கடிதம் அனுப்பும் என்றார். நான் நேரில் சொல்லட்டுமா என்று கேட்டேன். கடிதம் போதும் என்றார்.

பிறகு கோல்டு ரூமுக்குக் கூட்டிப்போனார். மெக்கானிக் ஜாபர் அங்கே முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். அந்த அறையின் பழக்கம் தெரிந்தவள் நான்தான் என்பதால் டாக்டர் அவரை என்னிடமே கேட்கச் சொன்னாராம்.

ஜாபர் ஒரு காகிதத்தைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்தினார். இழுத்தார். காகிதம் தடையில்லாமல் கையோடு வந்தது. கதவோரத்து ரப்பர் கீழ்ப்பக்கம் முழுக்கக் கிழிந்து தொங்குகிறது. அந்த வழியாக வெளிச்சூடு இராப்பகலாக உள்ளே போயிருக்கிறது. பின்பக்கம் போய்க் கம்ப்ரஸரின் கம்பி வலையைக் காட்டினார். மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளி மாதிரி மூடியிருந்தது. இட்லி அவிக்கும் பாய்லரின் ஆவி நேராக அதன் மேல் அடிக்கிறது.

"இது மூணு வருசமா மூச்சு முட்டிக் கெடக்குதுக்கா" என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரை நாள்ல முடிச்சுக் குடுத்திருப்பேன்."

கூப்பிட்டேன், ஒரு தடவை எழுதிக்கொடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் பக்கத்திலேயே நின்றார். சொல்லியிருந்தால் உண்மைதான். ஆனால் அந்த ஒரு தடவைக்குப் பிறகு நான் செய்தது என்ன? சொல்லவில்லை.

கொதிக்கக் கொதிக்கப் பாத்திரத்தை உள்ளே வைப்பது எங்கள் வழக்கம். அதையும் ஜாபர் கேட்டார். ஆமாம் என்றேன். அகலத் தட்டில் பரப்பி, குளிர்ந்த நீர்த் தொட்டியில் வைத்துச் சூட்டைத் தணித்துவிட்டு உள்ளே வைத்தால் மெஷினுக்குப் பாதி வேலை மிச்சம், சாப்பாடும் சீக்கிரம் குளிரும் என்றார்.

மார்ச் 17, திங்கள்

மாராத்தாளுக்கு எண் படிக்கத் தெரியும். நான் கேட்காமலே போனில் மீட்டர் படித்துச் சொன்னாள். ரப்பர் மாற்றி, வலையைக் கழுவி, பாய்லரை அந்தப் பக்கம் நகர்த்திய பிறகு, 292.

292. ஐந்து மணி நேரம் குளிரை நிறுத்தி நான் கண்டது 318. அதை விட இருபத்தாறு குறைவு. கோல்டு ரூமுக்குள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். நாலு என்றாள். அவள் சொன்னால் அது நாலுதான்.

மார்ச் 21, வெள்ளி

முடிவு சொல்லிவிட்டார்கள். சமையல்கூடத்தை வெளியே கொடுப்பதில்லை. மாஸ்டர்தான் இனிப் பொறுப்பு. மோகன்ராம் சாரை வேறு கிளைக்கு மாற்றுகிறார்கள். எனக்கு சூப்பர்வைசர் வேலை இல்லை. விருப்பமிருந்தால் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து காய் வெட்டும் பகுதிக்கு வரலாம். எதிலும் கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடையாது.

டாக்டர் சொல்லி முடித்ததும் வருகிறேன் என்றேன். வெளியே வந்த பிறகுதான் அழுகை வந்தது. அது அவமானத்தாலா நிம்மதியாலா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

முதல் நாள். பூசணிக்காய் இரண்டு மூட்டை. கை மறக்கவில்லை.

மாஸ்டர் காலை முழுவதும் என் பக்கம் வரவில்லை. பதினொரு மணிக்கு வெட்டிய காயை வாங்க அவரே வந்தார். காய் நிறைந்த ஏனத்தைத் தூக்கியவர் கீழே வைத்தார்.

"அன்னிக்கு எங்க வீட்டுல டீ குடிச்சீங்களே. அப்பவே சொல்லியிருக்கலாமுங்க."

"சொல்லியிருக்கணுமுங்க மாஸ்டர்."

"அன்னிக்கு ராத்திரிதான் நான் நெம்பக் கெட்ட யோசனையெல்லாம் யோசிச்சேன்."

ஏனத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கத்தி கையில் இருந்தது. அதைக் கீழே வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

மதிய வேலை முடிந்து போகும்போது வெளிநோயாளிகள் வரிசையில் நஞ்சப்பனைப் பார்த்தேன். பெயரைக் கூப்பிட்டதால்தான் தெரிந்தது. இளைத்த மனிதர். வேட்டிக்கு மேல் வயிற்றைக் கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்தார். கடிதம் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேசாமல் வாசலைத் தாண்டியும் விட்டேன். திரும்பி வந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து, நான் யார் என்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். கடிதம் வந்ததா என்று கேட்டேன். வந்தது, இங்கிலீஷில் இருந்தது, படிக்கத் தெரியாமல் மருந்துச் சீட்டோடு சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் வந்தேன்.

"அன்னிக்கு மத்தியானம் எம்பட மருமக வீட்டுலருந்து எளநீ கொண்டாந்து குடுத்தா. அதாலதான்னு நெனச்சேன். ஐ.சி.யூ.வுல கண்ணு முளிச்சதும் மொதல்ல அவளத்தான் திட்டினேன். என்னக் கொல்லப் பாக்கறயான்னு கேட்டுப்போட்டேன், நர்ஸுக முன்னாடி, எம்பட பையன் முன்னாடி. ஒரு மாசமா அவ எங்கிட்டப் பேசறதில்ல. எனக்கும் இப்ப அவகிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியல."

அவள் எங்கே என்று கேட்டேன். மருந்துக் கடை வரிசையைக் கையால் காட்டினார். பெயர் கலாமணி. முப்பது வயதிருக்கும். ஒரு கையில் மருந்துச் சீட்டு, இன்னொரு கையில் மாமனாரின் செருப்பு இருந்த பை.

வரிசையில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். வாய்விட்டு மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன், அப்படியும் முதல் வார்த்தை வரவில்லை. உங்கள் இளநீரால் இல்லை என்று ஆரம்பித்தேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் அப்படியே நின்றுவிட்டது. அழவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"வாங்க" என்றாள். "எங்க மாமனாரு முன்னாடி இன்னொருக்காச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு வண்டிய நிறுத்திட்டு இப்ப வந்துருவாரு. அவரு வந்தப்புறம் சொல்லுங்க. சத்தமாச் சொல்லோணும்."

சரி என்றேன். மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம், அவளும் நானும் வாசலைப் பார்த்துக்கொண்டு. நஞ்சப்பன் தரையைப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார். அவள் எழுந்தாள். நானும் எழுந்தேன்.